சிக்கிமுக்கித் துப்பாக்கி: 600 டாலருக்குள் எதை வாங்குவது, எப்படிப் பேணுவது

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். பென்சில்வேனியாவுக்கு வந்து சில வருடம் ஆகிறது. நண்பர்களோடு இரண்டு சீசன் மான் வேட்டைக்குப் போயிருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் ஃப்ளின்ட்லாக் (சிக்கிமுக்கித் துப்பாக்கி) சீசனுக்குச் சொந்தமாக ஒரு ரைஃபிள் வேண்டும், கையில் 600 டாலர் இருக்கிறது. புதிது வாங்குவதா, பழையது வாங்குவதா? வாங்கியபின் துருவேறாமல் எப்படி வைத்துக்கொள்வது? கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள்: "பத்து தடவை விசையை இழுத்தால் நாலு தடவை வெடிக்காது என்கிறார்களே, அது உண்மையா?"

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

ஃப்ளின்ட்லாக் வெடிக்கவில்லை என்றால் அதற்குக் கட்டாயம் ஒரு காரணம் உண்டு. தீ போகிற வழியில் ஏதோ ஓரிடத்தில் அந்தக் காரணம் உட்கார்ந்திருக்கும். விசையை இழுத்ததும், குதிரை என்று சொல்லும் சுத்தி போன்ற பாகம் விழுகிறது. குதிரையின் வாயில் கவ்வியிருக்கும் கல், எதிரே நிற்கும் ஃப்ரிஸன் என்ற எஃகுத் தகட்டின் முகத்தைச் சுரண்டிக்கொண்டே இறங்குகிறது. அப்போது பறக்கும் பொறியைக் கல்லின் பொறி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது எஃகின் பொறி. கல்லின் கூர்விளிம்பு சீவி எடுத்த எஃகுத் துகள் காற்றில் எரிந்துகொண்டே விழுகிறது. கீழே கிண்ணி என்ற சிறு குழிவில் இருக்கும் வெடிமருந்தில் பற்றுகிறது. கிண்ணியின் தீ, குழலின் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு இருக்கும் பற்றுவாய் வழியாக உள்ளே பாய்ந்து, அடியில் கெட்டித்த மருந்தைக் கொளுத்துகிறது. கல், எஃகு, கிண்ணி, பற்றுவாய், குழலின் அடி என்று ஐந்து இடம். இந்த ஐந்தும் ஒழுங்காக இருக்கும் துப்பாக்கி பத்துக்குப் பத்து வெடிக்கும். நான் இதைக் கண்ணால் கண்டு சொல்கிறேன்.

நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி புழங்கிய காலத்திலேயே இதற்கான சொற்கள் எல்லாம் நம்மிடம் இருந்திருக்கின்றன. குதிரை, பற்றுவாய், குண்டைக் குழலுக்குள் தள்ளி இறுக்கும் கெஜக்கோல், மருந்து கெட்டிப்பது. என் தாத்தா காலத்து ஆட்கள் வாயில் கேட்ட சொற்களைப் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுன்டியில் நின்றுகொண்டு மறுபடி சொல்வதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்த கொல்லர்கள் இந்த ஊரில்தான் அந்த நீண்ட குழல் ரைஃபிள்களைச் செய்தார்கள். கென்டக்கி ரைஃபிள் என்று பின்னால் பெயர் வாங்கியது பெரும்பாலும் இங்கே பிறந்ததுதான்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம், கருமருந்தால், அதாவது பழைய முறைக் கறுப்பு வெடிமருந்தால் இயங்கும், குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் ரைஃபிளைப் பழம்பொருள் வகையில் வைக்கிறது. அதனால் பல மாநிலங்களில் தபாலிலேயே வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நீங்கள் விசாவில் இருப்பவர் என்றால், வாங்கும் முன் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் என் பேச்சையோ நண்பர் பேச்சையோ நம்ப வேண்டாம். பென்சில்வேனியாவில் இந்தச் சீசன் 1974-லிருந்து நடக்கிறது. கல்லால் பற்றும் துப்பாக்கியாக இருக்க வேண்டும், நீளத் துப்பாக்கி என்றால் 0.44 கேலிபருக்கு (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) குறையக் கூடாது. கேப் என்ற சிறு வெடிமூடி வைத்து வெடிப்பதையோ, இன்லைன் என்ற நவீன வாய்வழித் துப்பாக்கியையோ அந்தச் சீசனுக்குக் கொண்டுபோக முடியாது. அந்தந்த வருடத்துக் கையேட்டையும் படித்துவிடுங்கள்.

இனி வாங்கும் விஷயம். 600 டாலருக்குள் புதிதாக என்றால், ஸ்பெயினில் செய்து ட்ரெடிஷன்ஸ் பெயரில் விற்கும் ஃப்ளின்ட்லாக்குகள்தான் பெரும்பாலும் கைக்கு எட்டும். அவற்றைக் கேவலமாகப் பேசுபவர்களை நிறையப் பார்ப்பீர்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. குழல் நன்றாகத்தான் சுடும். குதிரையும் ஃப்ரிஸனும் கிண்ணியும் அடங்கிய லாக் மட்டும் கொஞ்சம் உழைப்புக் கேட்கும், கூட வரும் கல்லை மாற்ற வேண்டியிருக்கும். அவ்வளவுதான். இத்தாலியின் பெடர்சோலி ரைஃபிள்களும் கிப்ளர் கிட்டும் தரத்தில் வேறு உயரத்தில் இருப்பவை. கிப்ளர் கிட்டில் பாகங்களை நீங்களே கோத்து, கட்டையைத் தேய்த்து, மெருகேற்ற வேண்டும். லாக் கல்லைத் தொட்டதுமே பொறியை அள்ளிக் கொட்டும். ஆனால் விலை 1,000 டாலரைத் தாண்டுகிறது. இன்றைக்கு உங்கள் கணக்கில் அது வராது.

என் யோசனை, பழையது வாங்குங்கள். தாம்ப்சன் சென்டர் 1970-ல் ஹாக்கன் ரைஃபிளை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து பல பத்தாண்டுகள் செய்திருக்கிறது. இத்தாலியின் இன்வெஸ்டார்ம்ஸ் செய்து லைமன் பெயரில் வந்த கிரேட் ப்ளெயின்ஸ் ரைஃபிளும் அப்படித்தான். இரண்டும் ஆயிரக்கணக்கான வீடுகளின் நிலவறையில் தூங்குகின்றன. அப்பா இறந்தபின் பிள்ளைகள் விற்கிறார்கள், சீசன் முடிந்த பிப்ரவரியில் பலர் விற்கிறார்கள். அப்போது தேடுங்கள். அக்டோபரில் தேடினால் அதே துப்பாக்கிக்கு அதிகம் கொடுப்பீர்கள்.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். குழலின் உள்ளே ஓடும் திருகு வரி, ஹாக்கனில் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று, கிரேட் ப்ளெயின்ஸில் 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று. துணியில் பொதிந்த உருண்டை ஈயக்குண்டுக்கு மெதுவான சுற்றே ஏற்றது. 48 என்பது உருண்டைக்கும் நீளக் குண்டுக்கும் பொதுவாக வைத்த நடுவாந்தரம், உருண்டையையும் ஒழுங்காகவே அனுப்பும். 28, 32 என்று வேகமாகச் சுற்றும் குழல் நீளக் குண்டுக்கானது. உருண்டைக் குண்டு சுட நினைப்பவர் அதைத் தவிர்ப்பது நல்லது.

இந்தியாவில் செய்து இங்கே மலிவாக விற்கும் பழைய பாணி மஸ்கெட்டுகளைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். நம் நாட்டுக் கைவேலை என்ற பாசம் எனக்கும் உண்டு. ஆனாலும் முதல் துப்பாக்கியாக வாங்காதீர்கள். பல, பற்றுவாய் துளைக்காமல் அலங்காரப் பொருளாகவே வருகின்றன. உள்ளே வரியும் கிடையாது. இத்தாலி, ஸ்பெயின் குழல்களில் அரசுச் சோதனைக் கூடத்தின் முத்திரை அடித்திருக்கும். அதாவது வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்து வெடித்துப் பார்த்துத் தேறிய குழல் என்று பொருள். தெரியாத பெயரில் வந்த குழல் என்றால் அந்த முத்திரையைத் தேடுங்கள். கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்கப் போகிற பொருளில் எனக்கு வேறு உறுதி வேண்டாம், அது வேண்டும்.

பழைய துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்று உண்டு. இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் பழைய ஹாக்கன் ஒன்றைப் பார்க்கப் போனேன். விற்பவர் சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இருபது வருடமாக அங்கேயே தொங்குகிறது என்றார். கெஜக்கோலை உருவிக் குழலுக்குள் விட்டேன். 'டங்' என்று உலோகத்தில் உலோகம் மோதும் சத்தம் வரவேண்டும், 'தொப்' என்று வந்தது. குழல்வாய் மட்டத்தில் கோலை விரலால் பிடித்து வெளியே எடுத்தேன். குழலின் மேல்பக்கமாக வைத்துப் பிடித்துப் பார்த்தால், கோலின் நுனி பற்றுவாயை எட்டவில்லை, நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. உள்ளே மருந்தும் குண்டும் அப்படியே இருந்தன. இருபது வருடமாக அந்த வீட்டுப் பிள்ளைகள் அதன் கீழே உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறார்கள். கருமருந்து காய்ந்திருக்கும்வரை கெட்டுப்போகாது. இருபது வருடமானாலும் வெடிக்கும். அன்றைக்குப் பற்றுவாய் வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தை நனைத்து ஊறவைத்து, குண்டைத் திருகாணி கொண்டு இழுத்து எடுத்தோம். அவர் முகம் வெளுத்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால் முதலில் கோலை விட்டு அளந்து பாருங்கள். அதன்பிறகே மற்றச் சோதனை.

குழலுக்குள் சின்ன விளக்கை இறக்கிப் பாருங்கள். மேலோட்டமான பழுப்பு பரவாயில்லை, தேய்த்தால் போகும். குழி விழுந்த துரு போகாது. இறுக்கமான துணியைக் கோலில் மாட்டி இழுக்கும்போது ஒரே இடத்தில் பிடித்தாலோ, திடீரென்று தளர்ந்தாலோ அந்த இடத்தில் கோளாறு இருக்கிறது. குதிரையைப் பாதி மட்டும் பின்னால் இழுத்த அரை நிலையில் நிறுத்தி விசையை அழுத்துங்கள். விழக் கூடாது. விழுந்தால் பேரம் பேச வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃப்ரிஸனின் முகத்தில் மெல்லிய கோடுகள் இருப்பது நல்லது, வேலை செய்திருக்கிறது என்று பொருள். உழவு சால் போல் ஆழமாகக் கிழித்திருந்தால் எஃகு மிருதுவாக இருக்கிறது, அதைத் திரும்பக் கடினப்படுத்த வேண்டும் அல்லது புதியது மாற்ற வேண்டும். கட்டையில், கை பிடிக்கும் குறுகலான இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பித்தளை மங்கியிருப்பது, வார்னிஷ் உரிந்திருப்பது இதெல்லாம் விலையைக் குறைக்க உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு.

வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். உடனே கல்லை மாற்றுங்கள். பல தொழிற்சாலைத் துப்பாக்கிகளோடு இயந்திரத்தில் அறுத்த அகேட் கல் வரும். விளிம்பு மழுங்கல். இங்கிலாந்தின் கறுப்புச் சிக்கிமுக்கி, பிரான்ஸின் தேன்நிறச் சிக்கிமுக்கி இரண்டும் கையால் உடைத்துச் செய்தவை, விளிம்பு சவரக்கத்தி போல இருக்கும். கல்லை மெல்லிய தோலில் சுற்றிக் குதிரையின் வாயில் இறுக்குங்கள். அகலம் ஃப்ரிஸனின் அகலத்தை மீறக் கூடாது. விளிம்பு முழுவதும் ஃப்ரிஸனில் ஒரே நேரத்தில் படவேண்டும். ஒரு மூலை மட்டும் பட்டால் பாதிப் பொறிதான் வரும். குதிரை அரை நிலையில் இருக்கும்போது கல் ஃப்ரிஸனைத் தொடாமல் மிக நெருங்கி நிற்க வேண்டும். மழுங்கினால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பித்தளைத் துண்டால் விளிம்பின் அடியில் மெல்லத் தட்டினால் சிறு செதில் உதிர்ந்து புது விளிம்பு பிறக்கும். இதைச் செய்யும்போது துப்பாக்கியில் மருந்து இருக்கவே கூடாது, கண்ணாடி போட்டிருக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். உண்மையான கருமருந்தே வேண்டும். கடை அலமாரியில் எளிதாகக் கிடைப்பது பைரோடெக்ஸ், ட்ரிப்பிள் செவன் போன்ற மாற்று மருந்துகள். அவை பற்றுவதற்கு அதிக வெப்பம் கேட்பவை. கேப்புக்குச் சரி, கல்லின் பொறிக்கு அவை மசிவதில்லை. பத்துக்கு நாலு வெடிக்காது என்று சொன்னவர் இதைத்தான் போட்டுச் சுட்டிருப்பார் என்று எனக்குப் பலமான சந்தேகம். கருமருந்து சட்டப்படி வெடிபொருள் என்பதால் பல கடைகள் வைப்பதில்லை. நண்பர்கள் சேர்ந்து கூரியரில் வரவழைத்தால் அனுப்பும் கட்டணம் பங்காகிவிடும். 0.50 கேலிபருக்கு மூன்று எஃப் (FFFg) என்று குறித்த நுண்மணி மருந்து ஒன்றே குழலுக்கும் கிண்ணிக்கும் போதும். நவீன புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடக் கலக்காதீர்கள், குழல் பிளந்துவிடும். மருந்துக் குப்பியிலிருந்து நேராகக் குழலில் கொட்டுவதும் கூடாது. உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் கையிலிருக்கும் குப்பியே வெடிக்கும். எப்போதும் தனி அளவுக் குழாயில் அளந்து ஊற்றுங்கள். உங்கள் துப்பாக்கியின் கையேடு சொல்லும் உச்ச அளவைத் தாண்டாமல், 60 கிரெயினிலிருந்து (மருந்தை அளக்கும் அலகு) தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். 0.490 அங்குலக் குண்டும் பருத்தித் துணியும் பெரும்பாலான 0.50 குழல்களுக்குப் பொருந்தும். குண்டு மருந்தின் மேல் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். அது உட்கார்ந்ததும் குழல்வாய் மட்டத்தில் கோலில் ஒரு கோடு போட்டுவைத்தால், அடுத்த முறை கோடு வெளியே தெரிந்தாலே குண்டு பாதியில் நிற்கிறது என்று புரிந்துவிடும்.

இனி நான் மிகவும் வருந்திக் கற்றுக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். என் முதல் துப்பாக்கி பழையதாக வாங்கியதுதான். பொறி நன்றாக வரும், கிண்ணி 'புஸ்' என்று எரியும், குழல் மட்டும் மௌனமாக இருக்கும். ஒரு சீசன் முழுக்க இதே கதை. கல்லை மாற்றினேன், மருந்தை மாற்றினேன், பலன் இல்லை. கோளாறு குழலின் அடியில் இருந்தது. தொழிற்சாலையில் செய்யும் பெரும்பாலான ஃப்ளின்ட்லாக்குகளில் குழலின் அடி ஒரே அகலமாக முடிவதில்லை. புனல் போலச் சுருங்கி, சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு சின்ன அறையாக முடிகிறது. பற்றுவாய் அந்த அறைக்குள்தான் திறக்கிறது. 0.50 அளவுத் துடைப்பு அந்த அறைக்குள் நுழையாது, வாசலிலேயே நின்றுவிடும். நான் துடைத்ததாக நினைத்த ஒவ்வொரு தடவையும் எண்ணெயையும் கரியையும் அந்த அறைக்குள் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருநாள் 0.36 கேலிபர் தூரிகையைக் கோலில் மாட்டி உள்ளே விட்டுத் திருகி எடுத்தேன். தார்ச்சாலை போடும்போது ஒட்டுமே, அதுபோல் கறுப்புப் பிசின் சுற்றிக்கொண்டு வந்தது. நாலு தடவை எடுத்தபின் துணி வெள்ளையாக வந்தது. அன்று மாலை பதினெட்டு குண்டு சுட்டேன். பதினெட்டும் வெடித்தன.

ஆகவே வாங்கியதும் அந்தச் சின்னத் தூரிகையையும் வாங்கிவிடுங்கள். பற்றுவாய் மிகக் குறுகலாக இருந்தாலும் தீ தயங்கும். அதை ஒரு நூல் அளவு பெரிதாக்கலாம், ஆனால் துப்பாக்கிக் கொல்லரிடம் கொடுத்துச் செய்யுங்கள். அளவு மீறிப் பெரிதாக்கிவிட்டால் அதைச் சரிசெய்வது எளிதல்ல.

துடைக்கும் முறை. சுட்ட அன்றிரவே துடைக்க வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னால். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடமான கசடாகத் தங்குகிறது. அது உப்பு வகை, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். உப்பு என்பதால் அதைக் கரைக்கத் தண்ணீரே போதும். விலை உயர்ந்த கரைப்பான் எதுவும் வேண்டாம்.

துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு லாக்கைக் கழற்றுங்கள். ஹாக்கன், கிரேட் ப்ளெயின்ஸ் இரண்டிலும் ஆப்பைத் தட்டி எடுத்தால் குழலும் கட்டையை விட்டு வந்துவிடும். பற்றுவாய்ப் பக்கத்தை வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, துணி சுற்றிய கோலைக் குழலுக்குள் மேலும் கீழும் இழுங்கள். கைபம்பு போல, பற்றுவாய் வழியே தண்ணீர் ஏறி இறங்கும். முதலில் காவிரியில் புதுவெள்ளம் வந்தது போலக் கலங்கலாக ஓடும், வாளியை இரண்டு தடவை மாற்றினால் தெளிந்துவிடும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். சூடான இரும்பு காய்கிற வேகத்திலேயே செம்பழுப்பாகத் துரு பூக்கும். பிறகு உலர்ந்த துணி, ஒன்றன்பின் ஒன்றாக, ஈரம் தெரியாதவரை. அடியிலிருக்கும் அறைக்குச் சின்னத் தூரிகையில் துணி சுற்றித் தனியாக. கடைசியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. லாக்கையும் தண்ணீரில் பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, உரசும் இடங்களில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஃப்ரிஸனின் முகத்திலும் கல்லிலும் எண்ணெய் படக் கூடாது. பட்டால் பொறி வராது.

மறுநாள் ஒரு வெள்ளைத் துணியைக் குழலில் விட்டு எடுத்துப் பாருங்கள். பழுப்பு தெரிந்தால் திரும்ப எண்ணெய் போடுங்கள். இந்த மறுநாள் சோதனையைச் செய்யாதவர்களின் குழல்களைத்தான் நாம் குழி விழுந்தவையாகச் சந்தையில் பார்க்கிறோம். வைக்கும்போது குழல்வாய் கீழே பார்க்கும்படி வையுங்கள், எண்ணெய் அடி அறைக்கு இறங்காது.

வேட்டைக்குப் போகிற காலையில் எண்ணெய் முழுவதையும் ஆல்கஹால் தோய்த்த துணியால் எடுத்துவிட்டுப் பிறகே கெட்டியுங்கள். பற்றுவாயைக் கம்பி ஊசியால் குத்தித் திறந்து விடுங்கள். கிண்ணியைத் தளும்ப நிரப்ப வேண்டாம், பாதியே போதும். பனி பெய்தால் மணிக்கொரு தரம் கிண்ணி மருந்தைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். பற்றுவாயின் நேரே பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, அங்கிருந்து தீ சீறும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை விட்டுத் திருப்பாமல் ஒரு நிமிடமாவது அப்படியே பிடித்திருங்கள். உள்ளே கங்கு புகைந்துகொண்டிருந்து தாமதமாக வெடிக்கலாம். முதல் வருடம் 50 கஜத்துக்கு மேல் மானைச் சுடாதீர்கள், காயப்பட்டு ஓடும் மானைப் பனியில் தேடி அலைவது பெரிய வேதனை.

600 டாலரில் 450-க்குள் துப்பாக்கியை முடித்துவிடுங்கள். மிச்சம் நல்ல கற்களுக்கும், மருந்துக்கும், தூரிகைகளுக்கும், கண்ணாடிக்கும் வேண்டும். ஏதாவது ஒன்றைப் பார்த்துப் பிடித்துப்போனால், காசு கொடுக்கும் முன் எனக்கு ஐந்து படம் அனுப்புங்கள்: ஃப்ரிஸனின் முகம், கல் அதில் படும் நிலை, பற்றுவாய் கிட்டத்திலிருந்து, கோல் உள்ளே இருக்கும்போதும் வெளியே வைத்துப் பிடித்திருக்கும்போதும் எவ்வளவு நீளம் என்பது. பார்த்துச் சொல்கிறேன்.